சாம்பல்ல எழுத்து வந்திச்சு, இப்ப பெத்தா வெத்திலையோட வந்து நிக்கிறா

கல்லடி_குத்திக்காசு:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க எழுதுறது குறைவு, வாசிச்சுப்போட்டுப் போறவன். மூண்டு வருசமா பொழுதுபோக்குக்கு மெஜிக் பழகுறன். பகல்ல ஹாட்வெயார் கடையில வேல, இரவு சாப்பிட்டுப்போட்டுக் கண்ணாடிக்கு முன்னால குத்திக்காசு. மனிசி முதல்ல சிரிச்சா. இப்ப "அந்தக் காச என்னட்டத் தாங்க, நான் உண்மையாவே மறைச்சுக் காட்டுறன்" எண்டு சொல்றா.

விசயத்துக்கு வாறன். போன ஞாயிறு படுவான்கரையில (மட்டக்களப்பு வாவிக்கு அங்கால) அக்காட வீட்ட, மருமகனுக்கு பேத்டே. கேக் வெட்டி முடிய, "மாமா மெஜிக் காட்டுவார்" எண்டு அவன் கத்திப்போட்டான். முதல்ல காசு. வலக்கையில இரிந்தது இடக்கையிலயும் இல்ல, மச்சான்ர காதுக்குப் பின்னால. பொடியனுகள் சிரிச்சானுகள். அதோட நிப்பாட்டியிரிக்கணும்.

பெரிய ஆக்களுக்கும் ஒண்டு காட்டுவமே எண்டு சாம்பல் எழுத்துக்குப் போனன். ஆறு கோயில் பேர் சொல்லச் சொன்னன். மாமாங்கம், கொக்கட்டிச்சோலை, திருக்கோவில், சித்தாண்டி, பாண்டிருப்பு, மண்டூர். (ஆறு கோயில் கேட்டா எங்கட பக்கத்தில மண்டூர் வராமப் போகுமா.) அவங்க சொல்லச் சொல்ல நான் துண்டு துண்டா எழுதி, மடிச்சுத் தொப்பிக்குள்ள போட்டன். அக்காட மாமியாருக்குப் பெரியம்மா முறையான ஒரு வயசான பெத்தா, அவதான் ஒண்டு எடுத்தா. பிரிக்காம மடியில வைக்கச் சொன்னன். மிச்ச அஞ்சையும் சிட்டியில போட்டு எரிச்சு, அந்தச் சாம்பலை என்ர முன்னங்கையில தேய்ச்சன். "மண்டூர்" எண்டு கறுப்பா எழும்பி வந்திச்சு. பெத்தா துண்டைப் பிரிச்சா. மண்டூர்.

ஆறு துண்டிலயும் மண்டூர் எண்டுதான் எழுதினன். கையில சவுக்காரத்தால முதலே எழுதியிரிந்தன். இவ்வளவுதான் சங்கதி.

எல்லாரும் கை தட்டினாங்க. பெத்தா தட்டல்ல. என்ர கையப் பிடிச்சுக் கண்ணில ஒத்தினா.

செவ்வாய்க்கிழம வெள்ளன ஓட்டோ பிடிச்சு மண்முனைப் பாலத்தால வந்து எங்கட வாசல்ல நிக்கிறா. வெத்திலை, பாக்கு, ஐந்நூறு ரூபாத் தாள். ரெண்டு மாசத்துக்கு முந்தி அவட சங்கிலி காணாமப் போயிட்டாம். "பேர மட்டும் சாம்பல்ல வரவை மனே. யார்ர பேர் வரும் எண்டு எனக்குத் தெரியும்" எண்டா. அவ நினைக்கிறது மருமகளை.

எனக்கு வயித்தக் கலக்கிப்போட்டுது. இப்ப உள்ளதச் சொல்லிப்போடவா? சொன்னா மெஜிக்காரனுக்கு அழகில்ல எண்டு நீங்கதான் இங்க ஆயிரம் தரம் எழுதியிரிக்கீங்க.

304_ராசா:

ஊர் களுவாஞ்சிகுடி, இப்ப தோஹா. மச்சான், முதல்ல வாழ்த்து. வெளியூர்க்காரன் மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்தா "மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வைச்சுப்போடுவாங்கள், கவனம்" எண்டு தாய் சொல்லி அனுப்புவா. என்ர ரூமில இரிக்கிற யாழ்ப்பாணத்துப் பொடியன் இண்டைக்கும் என்ர பாயில இரிக்க மாட்டான், கதிரைதான். அப்பிடிப் பேரெடுத்த மண்ணில நீ சாம்பலைக் கையில பூசி முருகன்ர ஊர்ப் பேர வரவைச்சிரிக்காய். வெத்திலையோட நிக்காம வேற எப்பிடி நிப்பா?

ஐந்நூறக் குறைச்சுச் சொல்லாத.

வாவிமீன்:

பகிடிய விடுங்க. இது ஒரு பொம்பிளைட வாழ்க்கை. நாளைக்கே போய் ஆறு துண்டையும் விரிச்சுக் காட்டணும். இதில யோசிக்க என்ன இரிக்கி?

ரகசியம், ரகசியம் எண்டு கட்டிப்பிடிச்சுக்கொண்டு இரிக்கிறதால யாருக்கு லாபம்? கட்டு, கழிப்பு, சூனியம் எண்டு காசு உழைக்கிற ஆக்களுக்குத்தான். ஆபிரகாம் கோவூர் இந்த நாட்டிலதானே இரிந்தவர்? 1963இல, மோசடிக்கு இடமில்லாத பரிசோதனையில ஒரு அற்புதத்தைக் காட்டினா ஒரு இலட்சம் ரூபா எண்டு சவால் விட்டவர். 1978இல அவர் சாகும் வரைக்கும் ஒருத்தரும் அந்தக் காசை வாங்கல்ல. அவர் வித்தைகளை உடைச்சுக் காட்டினவர். நாங்க என்னண்டா சவுக்காரத்தை மறைக்கிறம்.

பழுகாமம்_வாத்தியார்:

தம்பி குத்திக்காசு, முதலில் ஒரு குறை. வித்தையின் வழியைப் பொதுவில் அப்படியே எழுதிவிட்டீர்கள். சரி, எழுதியாயிற்று. நடத்துநர் விரும்பினால் நீக்கட்டும்.

உங்கள் பிழை ரகசியத்தில் இல்லை, சாம்பலில் இருக்கிறது. வெள்ளைக்காரன் புத்தகத்தில் சாம்பல் என்றால் எரிந்த கடதாசி. எங்கள் ஊரில் சாம்பல் என்றால் திருநீறு. கோயில் பேர் எழுதிய கடதாசியை எரித்த சாம்பல் என்றால் சொல்லவும் வேண்டுமா? அதோடு மண்டூர், சின்னக் கதிர்காமம். வாய் கட்டிப் பூசை செய்கிற கோயில். பெத்தா கண்ணில் ஒற்றாமல் என்ன செய்வா? நான் 1974 முதல் இதைப் பழகுகிறேன். கோயில், இறந்தவர் பேர், நோய், தொலைந்த பொருள் ஆகியவற்றை வித்தைக்குள் கொண்டுவருவதில்லை. பூவின் பேர் எழுதுங்கள், பழத்தின் பேர் எழுதுங்கள். மாம்பழம் என்று கையில் வந்தால் ஒருவரும் சங்கிலி தேடி வரமாட்டார்கள்.

வாவிமீன் தம்பிக்கு: கோவூரை நானும் மதிக்கிறேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர். அவருக்கு முன்னாலும் ஆட்கள் இருந்தார்கள். 1584இல் இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்கொட் என்பவர் ஒரு பெரிய புத்தகம் போட்டார். சூனியக்காரிகள் என்று கிழவிகளைக் கொல்கிற காலம். காசு மறைக்கிறது, தலையை வெட்டித் தட்டில் வைக்கிறது எல்லாம் கைவேலைதான், பிசாசு வேலை இல்லை என்று செய்முறையோடு எழுதினார். ஆங்கிலத்தில் கைவித்தையை விளக்கிய முதல் நூல்களில் அதுவும் ஒன்று. ஆகவே எங்கள் கலையின் ரகசியம் அந்தப் புத்தகத்தில் அச்சேறியதே ஒரு கிழவியின் உயிரைக் காப்பாற்றத்தான். இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்: குத்திக்காசு உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் சொல்ல வேண்டுமா? ரோமாபுரியில் செனெக்கா என்ற ஞானி, கிண்ணமும் கல்லும் வைத்து ஆடுகிற வித்தையைப் பற்றிச் சொன்னார்: அந்த ஏமாற்றே எனக்கு இன்பம், செய்கிற வழியைக் காட்டினால் என் ஆர்வம் போய்விடும் என்று. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய சொல். கல்யாண வீட்டில் அந்த இன்பத்தைக் கெடுக்க எனக்கு மனம் வராது.

ஏறாவூர்_சிரட்டை:

வாத்தியார் கிண்ணம் எண்டு எடுத்துத் தந்ததால கேக்கிறன். நான் மூண்டு சிரட்டையில செய்யப் பாக்கிறன். ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்க ஏலாமக் கிடக்கு. யாரும் செஞ்சிரிக்கீங்களா?

வாவிமீன்:

இப்ப சிரட்டையா முக்கியம்?

பழுகாமம்_வாத்தியார்:

சிரட்டையும் முக்கியந்தான் தம்பி. செப்படி வித்தை என்ற பேருக்குள்ளேயே செப்பு இருக்கிறது. செப்பு என்றால் சிமிழ் போன்ற சின்னப் பாத்திரம். இது எங்கள் சொந்தச் சொத்து.

சிரட்டைக்காரருக்கு: கண் உள்ள பாதியை எடுக்காதீர்கள். அந்த ஓட்டையால் வெளிச்சம் போகும், உள்ளே கிடப்பது தெரியும். அடிப் பாதியைத்தான் எடுக்க வேண்டும், ஆகவே மூன்று தேங்காய் தேவை. உள்ளே அரத்தாள் போட்டு மினுக்குங்கள், இல்லாவிட்டால் உருண்டை சிக்கும். அடுக்குவது பற்றி: மேல்நாட்டுக் கிண்ணம்தான் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, இடையில் ஒரு இடைவெளி விட்டுச் செய்தது. இந்தியத் தெரு வித்தைக்காரர்களின் கிண்ணம் அப்படியில்லை. ஆழம் குறைவு, தலையில் ஒரு குமிழ். அந்தக் குமிழை இரண்டு விரலிடையில் பிடித்துத் தூக்கும்போதே மற்ற விரல்கள் வேலையை முடித்துவிடும். நீங்களும் அடுக்குவதை மறந்துவிட்டு, சிரட்டைத் தலையில் ஒரு மரக்குமிழ் ஒட்டிப் பாருங்கள். மூன்று வித்தை குறையும், ஐந்து வித்தை கூடும்.

உருண்டைக்குத் துணிப்பந்துதான் நல்லது, சத்தம் வராது. சின்ன வயதில் நான் புன்னைக்காயில் தொடங்கினேன். பாயில் உருண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

ஏறாவூர்_சிரட்டை:

கஜு வைச்சுப் பாத்தன் சேர். வளைஞ்சிரிக்கிறதால உருளாது, விரல் இடுக்கில சரியாக் கவ்வுது. ஒரே பிரச்சினை, வித்தை முடியக்குள்ள ஒண்டு குறையும். மகள் தின்னுடுவாள்.

304_ராசா:

அதுதான் உண்மையான மறைவு.

மருதமுனை_டீச்சர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். குத்திக்காசுத் தம்பிட கதையை வாசிக்கக்குள்ள எனக்குப் பழைய ஞாபகம் வந்திச்சு. நான் ஆரம்பப் பிரிவுக்குக் கணிதம் எடுக்கிறன். பின்னப் பாடத்துக்கு மூண்டு கயிறு வித்தை செய்வன். ஒண்டு கட்டை, ஒண்டு நடுத்தரம், ஒண்டு நீளம். பிள்ளைகள்ர கண்ணுக்கு முன்னால மூண்டும் ஒரே அளவாகும், மறுகா பழையபடி ஆகும். கயிறுக்கு எங்கட ஊரில குறையில்ல, கைத்தறி நூலை மூணு புரி முறுக்கினாக் காணும்.

முதல் வருசம் ஒரு தாய் வந்து, "டீச்சர், நீங்க சிஹ்ர் (சூனியம்) படிச்சுக் குடுக்கீங்களாமே" எண்டு கேட்டா. எனக்கு முகம் சிவந்துட்டுது. ஆனா அவவில பிழை இல்ல. நான் அப்ப கயிறுக்கு மேல வாயால ஊதுவன், ஏதோ ஓதுற மாதிரி முணுமுணுப்பன். சும்மா நடிப்புக்கு. அவட பார்வையில அது என்ன?

அடுத்த நாளிலிருந்து ஊதுறதையும் முணுமுணுக்கிறதையும் விட்டுட்டன். தொடங்க முந்தியே "இது கைவேலை, டீச்சர் இருநூறு தரம் பழகினது, யாராவது கண்டுபிடிச்சாப் பென்சில்" எண்டு சொல்லிடுவன். வித்தை குறையவே இல்ல. பிள்ளைகள் இன்னும் கூர்ந்து பாக்கிறாங்க, இன்னும் கூட ஏமாறுறாங்க. கைவேலை எண்டு சொன்னா சுவாரசியம் போயிடும் எண்டு சொல்றவங்களுக்காக எழுதுறன்.

வாவிமீன்:

டீச்சர் சொல்றது நல்லா இரிக்கி. ஆனா டீச்சரும் வழியைச் சொல்லல்லதானே? "கைவேலை" எண்டு மட்டும் சொன்னா ஒரு பெத்தா நம்புவாவா? இண்டைக்கு எல்லா ட்ரிக்கும் யூடியூப்பில இரிக்கி. பத்து வயசுப் பொடியனுக்குத் தெரியும். தெரியாதவ பெத்தா மட்டுந்தான். அப்ப ரகசியத்தால ஏமாறுறது யார்? போன் இல்லாத ஆக்கள்.

இன்னொண்டு. 1856இல பிரான்ஸ் அரசு ரொபெர்-ஹூடின் எண்ட மெஜிக்காரனை அல்ஜீரியாவுக்கு அனுப்பினது. ஒரு சின்னப் பெட்டி, யாராலயும் தூக்க ஏலாம ஆக்கிப்போட்டார். அடியில மின்காந்தம். அங்கத்தைய சாமியார்களை விட பிரெஞ்சுக்காரன் பெரியவன் எண்டு காட்டத்தான். அங்கயும் பிறகு "இது வித்தைதான்" எண்டு மொழிபெயர்ப்பாளரை வைச்சு விளக்கினாங்க. விளக்கம் முக்கியம்.

பழுகாமம்_வாத்தியார்:

அந்தக் கதையை உங்கள் பக்கத்துக்கு இழுக்காதீர்கள். ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருக்கிறவன், அந்த நாட்டு ஆட்களின் பயத்தைப் பாவித்த கதை அது. முதலில் பயமுறுத்திவிட்டுப் பிறகு விளக்கினால் மனதில் எது மிஞ்சும்? பெட்டியைத் தூக்க முடியாமல் நின்றவனுக்குத் தன் பலம் போன நேரந்தான் மிஞ்சும்.

போன் பற்றிச் சொன்னது மட்டும் என்னைத் தைத்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நடத்துநர்:

தலைப்பை ஒட்டி எழுதுங்கள். சாம்பல் வித்தையின் செய்முறை மேலே அப்படியே இருக்கட்டும், கேள்வியை விளங்க அது தேவை. வேறு வித்தையின் வழிகளைக் கடையில் விற்கிற பொருளின் பேரோடு எழுதிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. சிரட்டைக்குத் தனி இழை திறக்கலாம். (திறக்கமாட்டீர்கள் என்று தெரியும்.)

கல்லடி_குத்திக்காசு:

நேத்துப் போனன். நடந்ததை அப்பிடியே சொல்றன்.

பெத்தாவ முன் விறாந்தையில இருத்தி, ஆறு துண்டை எழுதி, ஆறையும் விரிச்சு வைச்சன். பெத்தா நல்லா வாசிப்பா. ஒவ்வொண்டா எடுத்து மண்டூர், மண்டூர், மண்டூர் எண்டு ஆறு தரம் வாசிச்சா. சவுக்காரத்தைக் காட்டினன். அவட கண்ணுக்கு முன்னால கையில எழுதினன், காய விட்டன், சாம்பலைத் தேய்ச்சன். வந்திச்சு.

"ஓம் மனே, விளங்குது" எண்டா. எனக்குப் பெரிய நிம்மதி. பிளேன்டீ வந்திச்சு, குடிச்சன். எழும்பக்குள்ள கையப் பிடிச்சு மெல்லச் சொல்றா: "அண்டைக்கு வந்தது வேற. இண்டைக்கு எனக்காகச் சவுக்காரத்தால செஞ்சு காட்டினாய். குருவுக்குக் குடுத்த சத்தியம் இரிக்கும், நான் கேக்கல்ல. பேர மட்டும் சொல்லு."

மருமகள் குசினி வாசல்ல நிண்டு கேட்டுக்கொண்டிரிக்கா. நான் அவட முகத்தப் பாக்கல்ல. பாக்க ஏலல்ல.

வாவிமீன், நீங்க சொன்னதத்தான் செஞ்சன். எல்லாத்தையும் விரிச்சுக் காட்டினன்.

வாவிமீன்:

நம்ப ஏலாமக் கிடக்கு. கண்ணுக்கு முன்னால செஞ்சு காட்டியுமா?

பழுகாமம்_வாத்தியார்:

நம்பத்தான் வேண்டும். ஷெர்லொக் ஹோம்ஸை எழுதிய கொனன் டொயில் படித்த மனிதர், வைத்தியர். வித்தைக்காரர் ஹூடினி அவருடைய கூட்டாளி. நான் செய்வதெல்லாம் தந்திரம் என்று ஹூடினி எத்தனையோ தரம் சொல்லியும் டொயில் நம்பவில்லை. ஹூடினிக்கு உண்மையிலேயே சக்தி இருக்கிறது, அதை மறைக்கிறார் என்றே எழுதிவைத்தார். 1926இல் ஹூடினி இறந்த பிறகும் அந்த நம்பிக்கை மாறவில்லை. படுவான்கரைப் பெத்தாவும் லண்டன் டொயிலும் ஒரே கட்சி.

நம்ப விரும்புகிற ஆளுக்கு விளக்கம் இன்னொரு வித்தை. அதுவும் நீங்கள் நன்றாகச் செய்திருப்பீர்கள்.

மருதமுனை_டீச்சர்:

வாத்தியார் கடைசியாச் சொன்னதிலதான் விசயம் இரிக்கி. தம்பி, நீங்க செஞ்சு காட்டக்குள்ள கை தடுமாறியிரிக்காது, எழுத்து வடிவா வந்திரிக்கும். அவவுக்கு நீங்க இப்பவும் அதே ஆள்தான். நீங்க செய்யாதீங்க. சக்தி கிக்தி ஒண்டும் இல்ல எண்டு அவவுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளைக் கொண்டு செய்விங்க. வீட்டில சின்னப் பிள்ளை யாரும் இல்லையா? என்ர வகுப்பில நான் பத்துத் தரம் சொல்லியும் நம்பாத ஒரு பிள்ளை, பக்கத்து வாங்குப் பொடியன் கயிற்றைக் கீழ விழுத்தினதப் பாத்த உடன நம்பிட்டா.

304_ராசா:

டீச்சர் கெட்டிக்காரி. இதுக்கிடையில, ஒருத்தருக்கும் கேடு வராத ஒரு ட்ரிக் தாறன், பழகிக்கொள்ளுங்க. எங்கட வீடுகளில கடுதாசிக் கட்டு (சீட்டுக்கட்டு) எண்டா 304 எண்ட சீட்டாட்டம் விளையாடின கட்டுத்தான். ரெண்டு தொடங்கி ஆறு வரைக்கும் எப்பவோ துலைஞ்சிடும், மிஞ்சுறது 32. அதில அஞ்ச எடுத்து வைச்சா 27. இது மூண்டின் கனம் (3×3×3), அதுதான் சூட்சுமம். கூட்டாளியை ஒரு கடுதாசி மனசில நினைக்கச் சொல்லுங்க. பிறகு 1இல இரிந்து 27 வரைக்கும் பிடிச்ச ஒரு எண்ணையும் சொல்லச் சொல்லுங்க. 18 எண்டான் எண்டு வைப்பம்.

ஒண்டு கழியுங்க, 17. இத ஒம்பதாவும் மூண்டாவும் ஒண்டாவும் பிரியுங்க: ஒரு ஒம்பது, ரெண்டு மூண்டு, ரெண்டு ஒண்டு. கடுதாசிய முகம் தெரிய, ஒண்டு மாறி ஒண்டா, மூண்டு குவியலாப் போடுங்க. எந்தக் குவியல் எண்டு அவன் காட்டுவான். எடுத்துச் சேர்த்துக் கவிழ்க்கக்குள்ள அந்தக் குவியலுக்கு மேல எத்தனை குவியல் இரிக்கணும் எண்டதுதான் கணக்கு. முதல் தரம் ஒண்டுகள்ர எண்ணிக்கை, ரெண்டு. அதாவது அவன்ட குவியல் அடியில. ரெண்டாம் தரம் மூண்டுகள்ர எண்ணிக்கை, இதுவும் ரெண்டு, அடியில. மூண்டாம் தரம் ஒம்பதுகள்ர எண்ணிக்கை, ஒண்டு, நடுவில. இப்ப மேல இரிந்து எண்ணுங்க, 18ஆவது அவன்ட கடுதாசி. பிரெஞ்சுக் கணிதர் ஜெர்கோன் இதப்பத்தி 19ஆம் நூற்றாண்டிலயே எழுதியிரிக்கார். கைவேலை ஒண்டும் இல்ல. ரூமில யாழ்ப்பாணத்தானுக்குக் காட்டினன், கதிரையக் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டான்.

ஏறாவூர்_சிரட்டை:

எனக்கு 18இல வரல்ல, 10இல வந்திச்சு.

304_ராசா:

கவிழ்க்காம அடுக்கியிரிப்பாய். முகம் தெரிஞ்ச குவியல்ல மேல இரிக்கிறது கவிழ்த்தா அடி. கவிழ்த்துப் பாத்து மேல கீழ சொல்லு.

ஏறாவூர்_சிரட்டை:

ஓம் வந்திச்சு! மகள் மூண்டு தரம் கேட்டுட்டாள். கஜு தப்பிச்சிது.

புதுப்பயணி:

நான் அக்கரைப்பற்று. புதுசா இப்பத்தான் தொடங்குறன். இடையில பூருறதுக்கு மன்னிக்கணும். காசு மறைக்கிறது எனக்கு வரவே இல்ல. எல்லாரும் உடன பிடிச்சுப்போடுறாங்க. எந்தக் காசில பழகுறது?

கல்லடி_குத்திக்காசு:

மனசு சரியில்லாட்டியும் இதுக்குப் பதில் சொல்லுவன். பதினொரு பக்கம் உள்ள பத்து ரூபாக் குத்தியில தொடங்குங்க. அந்த மூலைகள் உள்ளங்கைச் சதையில நல்லாப் பிடிக்கும். பழைய மொத்தமான மஞ்சள் அஞ்சு ரூபா கிடைச்சாலும் எடுத்து வையுங்க, பாரம் கூட, கைக்கு வரும். பின்னால வந்த மஞ்சள் அஞ்சு ரூபா உள்ளுக்க இரும்பு, காந்தத்தில ஒட்டும். அது வேற வேலைகளுக்கு உதவும். சித்திரை வெயில்ல கை வேர்த்தா ஒண்டும் சரிவராது, லேஞ்சி வைச்சுக்கொள்ளுங்க.

பிடிபடுறதுக்குக் காசு காரணமில்ல, கண்தான். முதல்ல அம்பது தரம் உண்மையாவே ஒரு கையில இரிந்து மற்றக் கைக்குக் காசை மாத்துங்க. கண்ணாடியில உங்கட முகத்தையும் தோளையும் பாருங்க. மறுகா பொய்யா மாத்தக்குள்ள அதே முகம், அதே தோள். காசு இல்லாத கையை நீங்க பாத்தா அவங்களும் அங்கதான் பாப்பாங்க. உங்களுக்கே அந்தக் கையில காசு இரிக்கி எண்டு நம்பிக்கை வரணும்.

எழுதக்குள்ளதான் யோசிக்கிறன், பெத்தாக்கு நான் செஞ்சதும் இதத்தானே.

டீச்சர், மருமகன் இரிக்கான், ஒம்பது வயசு. இந்த ஞாயிறு பாக்கிறன்.

வாவிமீன்:

குத்திக்காசு அண்ணன், என்ன நடந்தாலும் வந்து எழுதுங்க. நான் முதல்ல கொஞ்சம் சூடா எழுதிப்போட்டன்.

கல்லடி_குத்திக்காசு:

ஞாயிறு போனன். பொடியனுக்குச் சனிக்கிழம போன்லயே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்திட்டன். பெத்தா, மருமகள், அக்கா, மச்சான், பக்கத்து வீட்டு ஆக்கள் நாலு பேர். நான் பின்னால கதிரையில. பழம் பேர் வைக்கச் சொல்லித்தான் அவனுக்குச் சொன்னன், வாத்தியார் சொன்னபடி. அவன் கேக்கல்ல. "மாமா செஞ்சதத்தான் செய்வன், மண்டூர்தான்" எண்டு நிண்டான்.

தொப்பிய நீட்டக்குள்ளயே ஒரு துண்டு கீழ விழுந்து விரிஞ்சுபோச்சு. அவன் காலால மிதிச்சு மறைச்சான். எல்லாரும் கண்டுட்டாங்க, ஒருத்தரும் சொல்லல்ல. பெத்தா ஒண்டு எடுத்தா. எரிக்க அவனுக்கு விடல்ல, மச்சான் எரிச்சார். பொடியன் சாம்பலைத் தேய்ச்சான். எழுத்து வந்திச்சு, கோணல் மாணலா. "மன்டூர்".

பெத்தா குனிஞ்சு பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா. "டேய், மண்டூருக்கு மூண்டு சுழி ண. உனக்கு ஆர்ரா தமிழ் படிச்சுத் தாற?" எண்டா.

மருமகள்தான் முதல்ல சிரிச்சா. பிறகு எல்லாரும். பொடியன் அழுற மாதிரிப் போய், "சவுக்காரத்தில எழுதினா தெரியா பெத்தா, எழுதக்குள்ள கண்ணுக்கே தெரியாதே" எண்டு சண்டைக்குப் போயிட்டான். அவன் அப்பிடிச் சொன்னதுதான். நான் பத்து நிமிசம் விளக்கினதை அவன் கோவத்தில ஒரு வசனத்தில சொல்லிப்போட்டான்.

பெத்தா அந்தச் சவுக்காரத் துண்டை வாங்கினா. மூக்குக் கிட்டப் பிடிச்சு மணந்து பாத்தா. தன்ர கையில தன்ர பேர எழுதினா, மூண்டு எழுத்து. சிட்டியில கிடந்த மிச்சச் சாம்பலைத் தேய்ச்சா. வந்திச்சு. அதப் பாத்துக்கொண்டே இரிந்தா. ஒண்டும் சொல்லல்ல. கிணத்தடிக்குப் போய்க் கையக் கழுவிப்போட்டு வந்து, என்னட்டத் தந்த ஐந்நூறத் திருப்பிக் கேட்டா. குடுத்தன். அத மருமகனுக்குக் குடுத்து, "கொப்பி வாங்கு" எண்டா.

சங்கிலி இன்னும் கிடைக்கல்ல. மருமகளோட பெத்தா கதைக்கிறாவா எண்டு இண்டைக்கு அக்காட்டக் கேட்டன். "முந்தியும் கதைக்கிறவதானே, சண்டைக்கு" எண்டா.

பழுகாமம்_வாத்தியார்:

பொடியனுக்கு என் சார்பில் ஒரு கட்டு கடுதாசி வாங்கிக் கொடுங்கள். காசு நான் தருகிறேன். பெத்தாவின் சொல்லையும் அவனிடம் மறக்காமல் சொல்லுங்கள், எழுத்துப்பிழை ஒரு வித்தைக்காரனுக்கு ஆகாது.

மருதமுனை_டீச்சர்:

கையக் கழுவினதுதான் என்ர மனசில நிக்குது. அந்த மருமகளுக்கு என்ர சலாம்.

வாவிமீன்:

நான் போய் இப்பிடிச் செஞ்சிரிந்தா எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சு கெடுத்திரிப்பன்.

304_ராசா:

கடுதாசிக் கட்டு வாங்கினா, 27 கடுதாசி ட்ரிக்கைப் பொடியனுக்குக் குடு.

கல்லடி_குத்திக்காசு:

அவனுக்கு 27 வரைக்கும் எண்ண ஏலும். ஒம்பதாவும் மூண்டாவும் பிரிக்க ஏலா. இப்பவே அடுத்தது என்ன, அடுத்தது என்ன எண்டு போன் எடுத்துக்கொண்டிரிக்கான். ஏறாவூர் நானா, அந்தச் சிரட்டைக்குக் குமிழ் எதால ஒட்டினீங்க?

ஏறாவூர்_சிரட்டை:

கடையில விக்கிற நீங்கதானே சொல்லணும் தம்பி. நான் ரெண்டு தரம் ஒட்டி ரெண்டு தரமும் கழண்டுட்டுது.